மூச்சைப் பிடிக்கும் நாட்கள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பி சில்லறைக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் நன்றாகவே இருக்கிறோம். உன் அத்தானுக்குத் தோள்பட்டை வலி, அதுவும் நான் வேலை சொல்லும்போது மட்டும்தான் வருகிறது. உன் மனைவி டீச்சரம்மாவுக்குத் தொண்டைக்கட்டு சரியாகிவிட்டதா? வகுப்பில் கத்துவதைக் குறைத்துக்கொண்டு மிச்சக் குரலை உனக்காக வைத்துக்கொள்ளச் சொல்.

போனில் பேசினால் நீ "ம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதித் தபால்தலை ஒட்ட உனக்கே வெட்கமாக இருக்கும் அல்லவா, அதனால்தான் கடிதம்.

நேற்று வங்கிக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் மேலாளர் அம்மா தங்கமானவர். அப்பா இதே கிளையில் மேலாளராக இருந்தார், நாங்கள் இதே மாடியில்தான் வளர்ந்தோம் என்று சொன்னதும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். மேலே போய்ப் பார்த்தேன். நாம் படுத்த அறை முழுக்கப் பழைய காகித மூட்டைகள். சமையலறையில் அம்மாவின் மர அலமாரி மட்டும் அப்படியே இருக்கிறது. நான் நின்றுகொண்டிருந்தபோது கீழே பெட்டக அறையின் இரும்புக் கதவைச் சாத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு மாடி முழுக்க அதிருமே, நினைவிருக்கிறதா? அப்போதெல்லாம் ஓடிப் போய்க் கப்புகளைப் பிடித்துக்கொள்வது என் வேலை. நேற்றும் கை தானாக அலமாரிக்குப் போயிற்று. அதில் ஒரு கப் கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பட்டறையில் வேலை மும்முரம். கட்டிங் மாஸ்டரும் தையல்காரப் பெண்கள் ஆறு பேரும் இருக்கிறார்கள். கோடை முழுக்கக் குடை செய்து குவித்தால்தான் மழைக்காலத்தில் விற்க முடியும். துணி வாங்குவது ஏப்ரல் முதல் வாரம். அதற்கெல்லாம் வங்கி தந்திருக்கும் கடன் வரம்புதான் கை கொடுக்கிறது. அந்த அளவு வரை வேண்டும்போது எடுத்து, பணம் வந்ததும் கட்டி, மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

இதே வங்கியின் தலைமை அலுவலகத்தில் உனக்கு மூலதனப் பிரிவில் பெரிய பொறுப்பு என்று டீச்சர் சொன்னாள். அப்படியென்றால் என்ன? குடைக்காரிக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அக்கா

—

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு வாரம் சட்டைப்பையிலேயே இருந்தது. அலமாரி வரிகளை அலுவலகத்தில் படித்திருக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்காரர் ஜலதோஷமா என்று கேட்டுவிட்டார். இங்கே இருவரும் சுகம். டீச்சருக்குத் தொண்டை சரியாகிவிட்டது, எனக்குத்தான் இப்போது கஷ்டம்.

என் வேலையைப் பற்றிக் கேட்டாய். வங்கி கடனாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஊரார் போட்டு வைத்த பணம். ஒரு சின்னப் பகுதிதான் பங்குதாரர்களின் சொந்தப் பணம், அதுதான் மூலதனம். கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால் அடி முதலில் இந்தச் சொந்தப் பணத்தில்தான் விழ வேண்டும், ஊரார் பணத்தில் விழக் கூடாது. அதனால் இவ்வளவு கடனுக்கு இவ்வளவு சொந்தப் பணமாவது இருக்க வேண்டும் என்று வங்கிகளைக் கண்காணிக்கும் ஆணையம் விதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு காலாண்டின் கடைசி நாளிலும் அந்த விகிதத்தைக் கணக்கிட்டு அனுப்ப வேண்டும். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இதில் எல்லாக் கடனும் ஒரே எடை இல்லை; எடை கூடினால் அதற்கு வைக்க வேண்டிய சொந்தப் பணமும் கூடும். அரசாங்கப் பத்திரத்துக்கு எடையே கிடையாது. வீட்டுக் கடனுக்குக் குறைந்த எடை. உன் குடைப் பட்டறைக்குக் கொடுக்கும் கடனுக்கு ஏறக்குறைய முழு எடை. கோபித்துக்கொள்ளாதே, தராசைப் பிடித்தது நான் இல்லை.

விகிதம் இறங்கினால் இரண்டு வழி உண்டு. பங்குதாரர்களிடம் புதிதாகப் பணம் கேட்கலாம், அல்லது அவர்களுக்குப் பிரித்துத் தரும் லாபத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அது ஒரு வழி. கொடுத்த கடன்களைக் குறைப்பது மற்றது. முதல் வழிக்குப் பங்குதாரர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது வழிக்கு முகம் சுளிப்பவர்கள் தலைமை அலுவலகம் வரைக்கும் வருவதில்லை.

இந்தப் பிரிவுக்கு வந்த பிறகுதான் அப்பாவின் மூச்சைப் பிடிக்கும் நாட்கள் எனக்கு விளங்கின. காலாண்டு முடிகிற வாரம் மரக்கடைக்காரரும் மருந்துக்கடைக்காரரும் பணப்பையோடு வந்து கடனைக் கட்டுவார்களே. அப்பா அவர்களிடம், "ரெண்டே ரெண்டு நாள் மூச்சைப் பிடிச்சுக்குங்க, மூணாம் நாள் திருப்பி எடுத்துக்கலாம்" என்பார். கணக்கு எடுக்கும் நாளில் கடன் குறைவாகத் தெரியும், விகிதம் அழகாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம். நமக்கு அது வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிற நாளாக இருந்தது. அம்மா எத்தனை முறை தேநீர் போட்டிருப்பாள். எல்லாம் ஒப்பனைதான் என்று இப்போது தெரிகிறது, ஆனாலும் அந்தத் தேநீர் வாசனை போகவில்லை.

அன்புடன்,
சில்லறை

—

பிப்ரவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாம் வழக்கம்போல். அத்தானிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "என் குடைக்கு மட்டும் முழு எடையா? ஒண்ணைத் தூக்கிப் பாக்கச் சொல்லு அவனை" என்று குதித்தார். இந்த வருடம் கம்பியையே மெலிதாகப் போட்டிருக்கிறோமாம்.

அப்பா செய்தது ஒப்பனை என்கிறாய். இருக்கட்டும். நீ சின்னவன், பாதிதான் பார்த்திருப்பாய். கட்டிய பணத்தைத் திருப்பி எடுக்கும் மூன்றாம் நாள் காலையில் அவர் காபி கூடக் குடிக்காமல் கீழே இறங்கிவிடுவார். மரக்கடைக்காரர் வந்து கேட்கும் வரை காத்திருந்ததே இல்லை. ஒரு முறை மரக்கடைக்காரர் காய்ச்சலில் படுத்திருந்தபோது அப்பாவே அவர் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி, பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா கேட்டதற்கு, "அவரு என்னை நம்பித்தானே மூச்சைப் பிடிச்சாரு" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை அப்பா மாடிக்கு வந்து சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து நம்மோடு சீட்டாடுவார். நீ சீட்டை மடியில் ஒளித்து வைப்பாய். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி தோற்றுப் போவார். அந்த மாதிரி சாயங்காலம் இனி வராது.

ஒரு விஷயம் கேட்டால் சிரிப்பாய். புது மேலாளர் அம்மா நேற்று என்னைக் கூப்பிட்டு, "மார்ச் கடைசியில ரெண்டு நாளைக்குக் கணக்கைக் குறைச்சுக் குடுத்தா எனக்குப் பெரிய உதவியா இருக்கும் மேடம்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முதல் ஆளாக நானே கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். துணிக்காரருக்குக் கொடுக்க வைத்திருக்கும் பணம், கடைகளிலிருந்து வர வேண்டிய பாக்கி, எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்தத்தையும் அடைத்துவிடலாம். மூன்றாம் நாள் திருப்பி எடுத்துத் துணி வாங்க வேண்டியதுதான். அது வராவிட்டால் இந்த வருடம் குடை இல்லை. வராமல் எங்கே போகும்?

உன் அக்கா

—

மார்ச் 22

அன்புள்ள அக்கா,

பதில் தாமதமாகிவிட்டது. தலைக்கு மேல் வேலை, பத்து நாளாகக் கூட்டத்துக்கு மேல் கூட்டம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் சரியில்லை. உன் பட்டறையில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

இந்தக் காலாண்டு எங்களுக்குக் கொஞ்சம் நெருக்கடி. பங்குதாரர்களிடம் பணம் கேட்பதில்லை என்று முடிவாகிவிட்டது. அவர்களுக்குத் தரும் லாபப் பங்கிலும் கை வைப்பதில்லையாம். ஆகவே பாரமெல்லாம் மறுபக்கம். கூட்டத்தில் பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

கணக்கைக் குறைப்பது பற்றி எழுதியிருந்தாய். முழுவதையும் கட்ட வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. கையில் கொஞ்சம் வைத்துக்கொள். உனக்குத் தெரியாததா?

சீட்டு ஒளித்ததை நீ இன்னும் மறக்கவில்லையா? நான் ஒளித்தது எப்போதும் ராஜா. அப்பாவின் சட்டையிலிருந்து மை வாசனை வரும். கீழே விளக்கணைத்த பிறகு அந்தப் பெரிய கூடத்தில் நாம் செருப்பில்லாமல் ஓடுவோமே, தரை எவ்வளவு குளிர்ச்சி. இங்கே அலுவலகத்தில் தரை முழுக்கக் கம்பளம், எவ்வளவு நடந்தாலும் காலுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

சில்லறை

—

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே உடம்புக்குக் குறைவில்லை.

முப்பதாம் தேதி முழுவதையும் கட்டினேன். அப்பாவின் மகள் பாதி கட்டினாள் என்று பேர் வரக் கூடாது பார். ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மனசு நிறைவாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் அத்தானையும் கூட்டிக்கொண்டு போனேன். மேலாளர் அம்மா எழுந்து நின்றார், உட்காரச் சொல்லவில்லை. என் கடன் வரம்பைக் கால்வாசியாக வெட்டிவிட்டார்கள்.

"மேலேருந்து வந்திருக்கு மேடம். எடுக்காம சும்மா கிடக்கிற வரம்பை எல்லாம் குறைக்கச் சொல்லிட்டாங்க. சத்தியமா எனக்கே நேத்துதான் தெரியும். நீங்க கட்டாம வச்சிருந்தீங்கன்னா அவங்க இப்படிக் கை வச்சிருக்க முடியாது."

அத்தான் சத்தம் போட ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டேன். அந்தப் பெண்ணைத் திட்டி என்ன பயன், அவர் கண்ணே கலங்கியிருந்தது.

துணிக்காரரிடம் தவணை கேட்டேன். பழகிய மனிதர்தான், ஆனால் இந்தச் சீசனில் ரொக்கம் கொடுப்பவர்களுக்கே அவரிடம் துணி போதவில்லை. கால்வாசிப் பணத்துக்குக் கால்வாசித் துணிதான் வந்திருக்கிறது. மே நடுவில் தீர்ந்துவிடும்.

உன் இடத்தில் யாரையாவது கேட்க முடியுமா? இது திரும்பி வருமா வராதா என்று மட்டும் தெரிந்தால் போதும். கட்டிங் மாஸ்டருக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும்.

அக்கா

—

ஏப்ரல் 25

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து டீச்சர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என்னைப் பற்றி அவளுக்கு என்ன தோன்றியதோ. மற்றபடி சுகம்.

நடந்தது இதுதான். அப்பா காலத்தில் எடுக்காத வரம்புக்கு எடையே இல்லை. கடனைக் கட்டிவிட்டால் விகிதத்தில் அது மறைந்துவிடும். இப்போது விதி மாறிவிட்டது. நீ எடுக்காமல் வைத்திருந்தாலும், என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் அதற்கும் கொஞ்சம் எடை போடுகிறார்கள். உன் ஒருத்தியுடையது தூசு. நாடு முழுக்க உள்ள சின்ன வரம்புகளைச் சேர்த்தால் பெரிய மூட்டை. எடுத்த கடனைத் திருப்பிக் கேட்பது கஷ்டம், எடுக்காத வரம்பை வெட்டுவது ஒரு கையெழுத்து வேலை.

திரும்பி வருமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வரும் என்று சொல்ல முடியவில்லை.

இத்துடன் ஒரு காசோலை வைத்திருக்கிறேன். மறுக்காதே.

நேற்று மதியம் எங்கள் அலுவலகத்தில் யாரோ கதவை ஓங்கிச் சாத்தினார்கள். மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை நான் சட்டென்று பிடித்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ கப்புகளைப் பிடிப்பாய், நான் உன் பாவாடையைப் பிடிப்பேன், அம்மா நம் இரண்டு பேரையும் பிடிப்பாள். அந்த வீட்டில் இருந்த பாதுகாப்பு பிறகு எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை அக்கா.

சில்லறை

—

மே 14

தம்பிக்கு,

இருவரும் சுகம்.

காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன். கோபம் இல்லை. உன் சம்பளத்தில் குடை செய்தால் அது என் பட்டறையாக இருக்காது, அவ்வளவுதான்.

துணி நான் சொன்ன நாளைக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தையல்காரப் பெண்களில் நான்கு பேரை அனுப்பிவிட்டேன். ஒருத்தி, "மழைக்கு முன்னாடி கூப்பிடுவீங்கல்ல அக்கா?" என்று கேட்டாள். கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன், ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கட்டிங் மாஸ்டர் மட்டும் சும்மா மேஜையைத் துடைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறார்.

டீச்சரிடம் பேசு. அவள் பேசாமல் இருந்தால் நீ பேசு.

அக்கா

—

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. டீச்சர் நனைந்து வந்து தும்முகிறாள். உங்களுக்கும் மழை வந்திருக்கும்.

எங்கள் விகிதம் எதிர்பார்த்ததைவிட மேலே வந்திருக்கிறது. கண்காணிப்பு ஆணையத்திலிருந்து நல்ல வார்த்தை. பங்குதாரர்களுக்குப் போன வருடத்தைவிட அதிகமாகவே லாபப் பங்கு கொடுத்தார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார். எனக்கு ஒரு படி மேலே போட்டிருக்கிறார்கள். சொல்லாமல் இருந்தால் டீச்சர் வழியாகத் தெரிந்துவிடும் என்று எழுதுகிறேன்.

புது அறையில் ஜன்னல் இருக்கிறது. மழையைப் பார்த்தால் மாடி ஜன்னலில் நாம் தலையை நீட்டிக்கொண்டு நின்றதுதான் ஞாபகம் வருகிறது. கீழே வாடிக்கையாளர்கள் குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே வருவார்கள். வாசலில் வரிசையாகக் குடைகள். எது யாருடையது என்று நாம் பந்தயம் கட்டுவோம். நீதான் எப்போதும் ஜெயிப்பாய். உனக்கு அப்போதே குடையின் மேல் ஒரு கண். மருந்துக்கடைக்காரரின் குடை எப்போதும் ஒரு பக்கம் தொங்கும், நினைவிருக்கிறதா? அப்பா வெளியே வந்து அதை நிமிர்த்தி வைப்பார். அந்த நாட்களை நினைத்தால்தான் எனக்கு இப்போதெல்லாம் கொஞ்சமாவது நிம்மதி.

நேரம் கிடைக்கும்போது எழுது.

சில்லறை

—

ஜூலை 26

தம்பிக்கு,

நானும் அத்தானும் உடம்பால் நன்றாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். உனக்கு உயர்வு கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி எழுதப் போவதில் அது அடிபட்டுப் போகும்.

மார்ச்சில் நீ எழுதிய கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். "கையில் கொஞ்சம் வைத்துக்கொள்." பிறந்ததிலிருந்து நீ கையில் எதையும் வைத்துக்கொண்டவன் இல்லை. கிடைத்த காசை அன்றைக்கே மிட்டாய்க்கடையில் கொட்டிவிட்டு வருவாய் என்றுதான் அப்பா உனக்குச் சில்லறை என்று பேர் வைத்தார். நீ போய் எனக்குச் சிக்கனம் சொல்கிறாய் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. முழுப் பணமும் பையில் இருந்தாலும் பாதி மட்டும் கட்டுவது என்று முடிவு பண்ணித்தான் வங்கிக்குப் போனேன்.

அன்று நடந்ததில் ஒன்றை நான் உனக்கு எழுதவில்லை. நான் பையைத் திறக்கும்போது மேலாளர் அம்மா சிரித்துக்கொண்டே, "உங்க தம்பி தலைமை ஆபீஸ்ல அந்தப் பிரிவுலயே இருக்காராமே. உங்களுக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்" என்றார். சூது இல்லாமல் சொன்னதுதான். ஆனால் பக்கத்து நாற்காலியில் மரக்கடைக்காரரின் மகன் இருந்தார். இப்போது கடையை நடத்துவது அவர்தான். தன் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையில்தான் எனக்கு மிச்சமும் விளங்கியது. நான் பாதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எல்லோரும் முழுசாகக் கட்டி, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், ஊர் முதலில் கேட்கப் போவது உன்னைத்தான். கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். உன் வேலை போயிருக்கும். வேலையோடு போயிருக்குமா, அதுவும் எனக்குத் தெரியாது. பை முழுவதையும் மேஜையில் கவிழ்த்தேன்.

அது என் முடிவு. அதற்காக நீ ஒரு நாளும் என் காலில் விழ வேண்டாம். ஒவ்வொரு குடையிலும் ஒரு கம்பியை நான் மாட்டியிருக்கிறேன், அந்தப் பட்டறை எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். தெரிந்தேதான் கவிழ்த்தேன்.

என் கோபம் வேறு. அதற்குப் பிறகு நீ எழுதிய இரண்டு கடிதங்களையும் எடுத்துப் பார். ஏப்ரலில் தண்ணீர் டம்ளர். ஜூனில் மருந்துக்கடைக்காரரின் குடை. இரண்டிலும், பட்டறை எப்படி இருக்கிறது அக்கா என்று ஒரு வரி இல்லை. கேட்டால் நான் பதில் சொல்வேன், பதிலைப் படிக்க வேண்டியிருக்கும், அதற்குப் பயந்து நீ பழைய வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டாய். அந்த வீடு எனக்கும்தான் வீடு. அதை நினைத்து நானும்தான் அழுகிறேன். ஆனால் நீ எழுத எழுத எனக்கு அந்த மாடியே பிடிக்காமல் போய்விடும் போலிருக்கிறது, அதை நான் உனக்கு மன்னிக்க மாட்டேன்.

இப்போது நல்லவனாகிறேன் பேர்வழி என்று யாரிடமும் போய் உண்மையைக் கொட்டிவிடாதே. நான் கொடுத்தது அத்தனையும் வீணாகிவிடும். ராஜினாமா, அது இது என்று கிளம்பாதே. அந்த அறையிலேயே உட்கார். அடுத்த முறை யாருடைய வரம்பை வெட்டலாம் என்று பேச்சு வரும்போது வாயைத் திற. அவ்வளவுதான் நான் கேட்பது.

அக்கா

—

செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை டீச்சரும் படித்தாள். நான்தான் கொடுத்தேன். இப்போது பேசுகிறாள்.

நீ சொன்ன எதையும் மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் அடுத்த காலாண்டுக்கான கூட்டம். இன்னும் கொஞ்சம் வரம்புகளைக் குறைக்கலாம் என்று பிரிவுத் தலைவர் ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன். சீசன் தொழில் செய்பவர்களுக்கு வருடம் முழுக்க வரம்பு தேவையில்லை. தேவைப்படும் ஐந்தாறு மாதத்துக்கு மட்டும், நடுவில் வெட்ட மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மற்ற மாதங்களில் வரம்பே இல்லாமல் செய்துவிடலாம். அந்த மாதங்களில் எடையும் இருக்காது. சீசனில் கூடுகிற எடைக்கு லாபப் பங்கிலிருந்து ஒரு துளியை உள்ளே நிறுத்தினால் போதும். கணக்குப் போட்டுக் காட்டினேன். காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் பேசினேன்.

லாபப் பங்கு என்றதும் தலைவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். "யோசனை தப்பில்ல. மார்ச்லயும் நீங்க இதே நாற்காலியிலதானே இருந்தீங்க, அப்ப ஏன் சொல்லல?" என்று கேட்டார். அசடு வழிய நின்றேன்.

சில கிளைகளில் மட்டும் ஒரு வருடம் செய்து பார்க்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மேலிடம் ஒப்புக்கொள்ளுமா என்று தெரியாது. உன் கிளை அதில் வருமா என்றும் தெரியாது. அதை மட்டும் நான் கேட்கவே மாட்டேன்.

பட்டறை எப்படி இருக்கிறது அக்கா? மழைக்கு எத்தனை குடை விற்க முடிந்தது? அனுப்பிய பெண்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? கட்டிங் மாஸ்டர் இருக்கிறாரா? அத்தான் என்னைப் பற்றி என்ன சொல்கிறார்? நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். வந்து பார்க்க வேண்டும் போலவும் இருக்கிறது, எந்த முகத்தோடு வருவது என்றும் இருக்கிறது.

உன் தம்பி

—

செப்டம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். டீச்சர் பேசுகிறாள் என்று படித்ததும் எனக்கே உடம்பு தேவலை போலாகிவிட்டது.

கேட்டதற்குப் பதில். போன வருடம் விற்றதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. உடைந்த குடைகளைப் பழுது பார்த்துத்தான் மழைக்காலத்தைத் தள்ளினோம். இரண்டு பெண்கள் சட்டைத் தையல் கம்பெனிக்குப் போய்விட்டார்கள், மற்ற இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். கட்டிங் மாஸ்டர் போன மாதம் வேறு பட்டறைக்குப் போனார். போகிற அன்று கத்தரிக்கோலை எண்ணெய் போட்டுத் துடைத்து என்னிடம் கொடுத்தார். அவரைப் போக விட்டதுதான் எனக்கு ஆறவே இல்லை. அத்தான் உன்னைப் பற்றி முதலில் சொன்னதை எழுத முடியாது. நேற்று உன் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "பரவாயில்லையே, வாயைத் திறந்துட்டானே" என்றார்.

மேலிடம் ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்த கூட்டத்தில் மறுபடியும் சொல். அதற்கும் அடுத்ததிலும் சொல்.

பட்டறையை மூடப் போவதில்லை. பள்ளிக்கூடம் ஒன்று சின்னக் குடைகள் கேட்டிருக்கிறது. இப்போது துணி வெட்டுவது நான்தான். ஆனால் பெரிய மேஜையில் துணியை விரிக்கும்போது ஒரு முனையை நான் பிடித்தால் மறுமுனை சுருங்கிக்கொள்கிறது. அத்தான் கடை கடையாக ஆர்டருக்கு அலைகிறார், மிச்சமிருக்கும் இரண்டு பெண்களுக்கும் தையலை விட்டு எழ நேரமில்லை. எந்த முகத்தோடு வருவது என்று கேட்டிருந்தாய். முகம் எதற்கு, எனக்கு இரண்டு கை வேண்டும். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா.

டீச்சரையும் அழைத்து வா. காலையில் வெட்ட ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும். பழைய கதை எல்லாம் வேலை முடிந்த பிறகு பேசலாம்.

உன் அக்கா